பெரியவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல்

"ஒரு நிமிஷம் இருக்கா?"

"இல்லீங்க டீச்சர். பதினொண்ணு இருபதுக்கு ஒரு பிள்ளை வருது."

"அது வர்ற வரைக்கும் உக்காந்துக்கறேன்."

"வந்தாச்சு. உங்க பின்னாடிதான் நிக்குது."

இரண்டாம் வகுப்பு டீச்சர் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற பெண் குழந்தையின் தலையை ஒரு தடவு தடவினார். "நீ வெளியில பெஞ்சுல உக்காரு கண்ணு. டீச்சர் கூப்பிடுவாங்க." பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். நான்காக மடித்தால் அரைமணி நேரம், எட்டாக மடித்தால் ஒரு முழுப் பீரியட் என்பது எனக்கு அதற்குள் அத்துபடியாகியிருந்தது.

அந்த ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆலோசனைத் திட்டத்தை உண்டாக்கி நடத்தத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பிள்ளைகளுக்கென்று. ஆணையில் அப்படித்தான் இருக்கிறது. சந்தேகம் வந்து இரண்டு தடவை எடுத்துப் படித்துப் பார்த்தேன்.

சேர்ந்த அன்றைக்கு, தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடமே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும்.

"கவுன்சிலிங் புரோகிராம்னு போட்டிருக்கே. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடியும்மா? மைக் செட்டுக்குச் சொல்லணுமா?"

"மேடை நிகழ்ச்சி இல்லீங்க. வருஷம் பூரா நடக்கறது."

"வருஷம் பூராவா? நம்ம பிள்ளைங்களுக்கு அவ்வளவு கவலை எங்க இருக்கு? சாப்பிடுது, தூங்குது, அடிச்சுக்குது."

வாரத்துக்கு ஒரு பீரியட் ஒவ்வொரு வகுப்பிலும் பேசுவது, நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பழக்குவது, தேவைப்படுகிற பிள்ளைக்குத் தனியாக இருபது நிமிடம் என்று மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ எதுவும் இல்லையே?" என்றார்.

உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார்கள். தடுப்பு பிளைவுட். அந்தப் பக்கம் நடைபாதையில் ஒரு பெஞ்சு கிடந்தது. உள்ளே தாழ்வான மேசை ஒன்று, சின்ன நாற்காலி மூன்று, கலர் பென்சில், விளையாட்டுக் களிமண். பெற்றோர் வந்தால் உட்காரட்டும் என்று பெரிய நாற்காலி இரண்டும் கேட்டு வாங்கிப் போட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் பெரிய டீச்சர்.

"சும்மா, ஆட்டம் இல்லாம இருக்கான்னு பாக்கறேன்," என்று சொல்லி உட்கார்ந்தார். எழுந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவருடைய மருமகள் சமையலறையில் டப்பாக்களை எந்த வரிசையில் மாற்றி வைத்தாள் என்பது எனக்குக் கடைசி டப்பா வரை தெரிந்துவிட்டது.

"மனசு பஞ்சாயிடுச்சும்மா. நீங்க கெட்டிக்காரி," என்றார். நான் 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில், "எல்லாரும் ஒரு தடவை போயிட்டு வாங்க. பாரம் குறையும்," என்று சொல்லியிருக்கிறார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள்; நான் வெறும் நாற்காலியைத்தான் கொடுத்தேன். டிரில் மாஸ்டர் வந்தார். தனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு கொடுத்த கதை. ஆபீஸ் கிளார்க் வந்தார். அண்ணன் பேச்சை நிறுத்திய கதை. வாட்ச்மேன் உள்ளே வரவில்லை. "கேட்டைப் பாக்கணும்ல," என்று ஜன்னலுக்கு வெளியே நின்று, கண்ணைக் கேட்டிலேயே வைத்துக்கொண்டு, தன் சம்சாரம் ஆறு வருஷமாக எதற்குச் சிரிப்பதில்லை என்பதை எனக்குச் சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளைகள் மணி அடித்ததும் வகுப்புக்குப் போயின.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கரையான் புத்தெடுக்கக் கருநாகம் குடி வந்த கதையா இருக்கு."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. எனக்கும் உன்கிட்ட ஒரு இருபது நிமிஷம் கிடைக்குமான்னு பாக்கறேன். யார்கிட்ட சீட்டு வாங்கணும்?"

வெளியில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு வருகிறேன். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. வகுப்பில் அவளுக்குப் பெயர் பூட்டு. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப்பதிவு எடுத்தால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கில் நூற்றுக்கு நூறு. வாசிக்கச் சொன்னால் மட்டும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மற்றப் பிள்ளைகள் சிரித்து ஓய்கிற வரைக்கும்.

அவளுடைய அம்மா சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"வீட்டுல வாயே மூடாதுங்க. கதவுகிட்டப் பேசும், சுவத்துகிட்டப் பேசும். இங்க வந்தா மட்டும் யாரோ வாயைத் தச்சு விட்ட மாதிரி ஆயிடுது."

"எப்பத்துல இருந்து?"

"சேர்த்த நாள்ல இருந்தே. வெக்கம்னு விட்டுட்டேன். இப்ப என்னடான்னா அடுத்த மாசக் கடைசிக்குள்ள வாசிச்சுக் காட்டலைன்னா வேற பள்ளிக்கூடம்னு சொல்றாங்க. பேச வராத பிள்ளைங்களுக்குன்னு இருக்காமே. ரெண்டு பஸ் மாறிப் போகணும். நான் ஆறு மணி ஷிஃப்ட்டுக்குப் போறவ. ஏழு வயசுப் பிள்ளை தனியா ரெண்டு பஸ் மாறுமா, நீங்களே சொல்லுங்க."

பெரிய டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் போட்டார்.

"நானா எழுதினேன்? மேல இருந்து வந்தது. இதோ பாருங்க. 'இரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர் ஏதேனும் ஒரு பகுதியைக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் கேட்குமாறு உரக்க வாசித்தல்.' இது வாயைத் திறந்தாத்தானே நான் கையெழுத்துப் போட முடியும்?"

"அந்தப் பிள்ளைக்குப் பேச வரும். பயந்து அடைச்சுக்குது. கொஞ்ச நாள் குடுங்க."

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் தந்திருக்கேனே. அது சரி, உங்களுக்கு இப்ப நேரம் இருக்கா? நேத்து எங்க மருமக என்ன பண்ணினா தெரியுமா?"

அந்தப் பிள்ளைக்கு வாரம் மூன்று நாள், பதினொன்று இருபதுக்கு என்று நேரம் குறித்தேன். முதல் நாள் சொன்னேன்: "இங்க நீ பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். எனக்கே கேட்டுக் கேட்டுக் காது வலிக்குது." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று விலை பார்க்கிற பார்வை.

அடுத்த தடவை ஒரு காகிதப் பொட்டலம் கொண்டு வந்தாள். அம்மாவின் கம்பெனியில் கழித்துப் போட்ட பட்டன்கள். கொட்டிப் பிரித்தோம். நிறத்துக்கு ஒரு குவியல், இரண்டு ஓட்டைக்கு ஒரு குவியல், நான்கு ஓட்டைக்கு ஒரு குவியல். உடைந்ததை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அவள் என் கையைப் பிடித்து நகர்த்தினாள். ஐந்தாவது தடவை உதடு அசைந்தது. ஆறாவது தடவை ஒரு சத்தம் வந்தது, கொசு பறக்கிற அளவுக்கு. "பதினாலு." நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஏழு வாரத்தில் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அடுத்த இரண்டு தடவையும் இரண்டாம் வகுப்பு டீச்சர் வந்துவிட்டார். இரண்டு தடவையும் பிள்ளை பெஞ்சுக்குப் போனாள். நான் ஏன் எழுந்து நின்று முடியாது என்று சொல்லவில்லை? அழுகிற மனுஷியை எப்படி அனுப்புவது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. பெரியவர்கள் பேசினார்கள், போகும்போது நன்றி சொன்னார்கள். பிள்ளை பேசவில்லை. பேசுகிறவர்களோடு இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

மூன்றாவது தடவை கைக்குட்டையை நான்காக மடித்துவிட்டு டீச்சர் ஆரம்பித்தார்.

"அம்மா படுத்த படுக்கை. ராத்திரி மூணு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைக்கணும். எங்க அண்ணன் ஃபோன்ல கேக்கறான், 'அம்மா நல்லா இருக்காங்களா'ன்னு. வந்து பாருடான்னா லீவு இல்லையாம். எனக்கு மட்டும் கொட்டிக் கிடக்குதா லீவு?"

"ம்."

"விடிஞ்சு கிளாசுக்கு வந்தா முப்பத்தெட்டு. கத்தற பிள்ளையை அதட்டலாம். அழற பிள்ளையைத் தட்டிக் குடுக்கலாம். அந்தப் பூட்டு இருக்கு பாருங்க, முழிச்சு முழிச்சுப் பாக்கும். கல்லுக்குப் பாடம் நடத்தற மாதிரி. சும்மாவா சொன்னாங்க, ஊமை ஊரைக் கெடுக்கும்னு. மாசக் கடைசியோட அது போயிடுச்சுன்னா எனக்கு ஒரு தலைவலி விடும்."

"ம்," என்றேன் நான்.

பழக்கத்தில் வந்த 'ம்'. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பிறகு பிள்ளையைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். பெஞ்சில் பட்டன் பொட்டலம் மட்டும் இருந்தது. பெஞ்சின் முதுகு பிளைவுட்டில் சாய்ந்திருந்தது. நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து பார்த்தேன். தள்ளித் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பிள்ளைகள் யாருடைய முறை என்று சண்டை போடுவது ஒரு சொல் விடாமல் கேட்டது.

அடுத்த தடவை அவள் வரவில்லை. வகுப்புக்குப் போய்க் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாள் வேலை நேரத்தில் அம்மா வந்து நின்றாள்.

"என் பிள்ளைய என்ன சொன்னீங்க?"

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல. வீட்டுலயும் பேச்சு நின்னு போச்சு. மூணு நாளாச்சு. தண்ணி வேணும்னா டம்ளரைத் தூக்கிக் காட்டுது. கேட்டா நோட்டுல எழுதுது. நீங்களே பாருங்க."

நோட்டை நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. *ஊமை என்றால் கெட்டவளா? நான் போனால் டீச்சருக்குத் தலைவலி போய்விடுமா?*

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் சொல்லல. ஆனா சொன்னப்ப நான் இருந்தேன். பிள்ளைய வெளியில உக்கார வெச்சதும் நான்தான்," என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"பூட்டைத் திறப்பீங்கன்னு விட்டேன். நீங்க சாவியையும் கொண்டுபோய்க் கிணத்துல போட்டுட்டீங்க."

மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அவள் போனதும் பெரிய நாற்காலி இரண்டையும் நானே தூக்கிக்கொண்டு போய் உடைந்த பெஞ்சுகளோடு போட்டேன். இரண்டு அட்டையில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று மாட்டினேன். *இது பிள்ளைகள் நேரம். பெரியவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல்.* உள்ளே எதற்கு என்றால், உள்ளே வந்துவிட்டவர்களும் படிக்க வேண்டுமே.

டிரில் மாஸ்டர் படித்துவிட்டு, "நாலு மணிக்கு மேல எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கும். பதினோரு மணிக்குத்தான் பாரமா இருக்கு," என்றார்.

பெரிய டீச்சர் படிக்கவே இல்லை. உள்ளே வந்து பார்த்தார். பெரிய நாற்காலி இல்லை. கொஞ்சமும் தயங்காமல் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்தன. அந்த நிலையிலேயே, "நேத்து அவ…" என்று ஆரம்பித்தார்.

"பெரிய டீச்சர், நீங்க இனிமே நாலு மணிக்கு வரணும்."

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரியவ."

"அதான் சொல்றேன். இது சின்னவங்களுக்கு."

"எங்களுக்குக் கவலை இல்லையா? நாங்க எங்க போறது?"

நியாயமான கேள்வி. "நீங்களும் ரெண்டாம் வகுப்பு டீச்சரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அவங்களைப் பத்திதானே பாதி சொல்ல வேண்டியிருக்கு," என்றார். பிறகு எழப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. "கை குடுங்கம்மா. இடுப்பு பிடிச்சுக்கிச்சு." நானும் ஜன்னல் வழியாக வாட்ச்மேனும் சேர்ந்து அவரை விடுவித்தோம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மதியம் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை எழுதியதை அப்படியே சொன்னேன்.

"காது மட்டும் நல்லா வேலை செய்யுதா அதுக்கு?" என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்ததும், "நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"மன்னிப்புக் கேளுங்க."

"ஏழு வயசுப் பிள்ளைகிட்டயா?"

"அதைப் பத்தித்தானே சொன்னீங்க. அதுகிட்டதான்."

அவர் அன்றைக்கே கேட்டார். எப்படிக் கேட்டார் தெரியுமா? கடைசிப் பீரியடில் பிரம்பால் மேசையைத் தட்டி, முப்பத்தெட்டுப் பேரையும் எழுந்து நிற்க வைத்து, "எல்லாரும் நல்லா கேளுங்க. இப்ப டீச்சர் பூட்டுகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்," என்று அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டின. அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். விடுகிற மணி அடித்த பிறகும் வெளியே வரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தரையில் படுத்து மேசைக்கடியில் பார்த்தேன். அவள் ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்," என்றார் டீச்சர், நடைபாதையில், நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"டீச்சர், உங்க வீட்டுல யாராவது உங்ககிட்ட மைக் போட்டு மன்னிப்புக் கேட்டா எப்படி இருக்கும்?"

"யாரும் எப்படியும் என்கிட்ட கேட்டதில்ல. எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு இருந்த எரிச்சலில் அதற்கும் 'ம்' போட்டிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது எழுதித்தானே கேட்டிருக்கு. நீங்களும் எழுதிச் சொல்லுங்க. யாருக்கும் காட்டாம. முதல்ல அந்தப் பேரை விடுங்க."

மறுநாள் வீட்டுப்பாட நோட்டு திருத்தும்போது எழுதியிருக்கிறார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவரே வந்து சொன்னார், வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு. "தலைவலி உன்னால இல்ல, எனக்குத் தூக்கம் இல்ல, நான் சொன்னது தப்புன்னு எழுதினேன். லீவ் லெட்டர் எழுதின மாதிரி இருக்கு. கீழ கையெழுத்து வேற போட்டேன்."

"அது என்ன பண்ணுச்சு?"

"ரெண்டு தடவை படிச்சது. அப்புறம் நான் வெச்ச புள்ளியெல்லாம் சரியா இருக்கான்னு விரல் வெச்சுப் பார்த்தது. நோட்டை மூடிப் பையில வெச்சுக்கிச்சு. அவ்வளவுதான்."

அடுத்த முறை பதினொன்று இருபதுக்கு அவள் வந்தாள். அம்மா அரைநாள் லீவு போட்டுக் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே நாங்கள் பட்டன் பிரித்தோம். உதடு அசையவில்லை. இருபது நிமிடம் முடிந்ததும் எழுந்து போய்விட்டாள். வெளியே அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை அசைத்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க இதே கதை.

மாசக் கடைசி நாள் வந்தது. அம்மாவுக்கு அதற்கு மேல் லீவு கிடைக்கவில்லை. விடுகிற நேரத்துக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். படிவம் பெரிய டீச்சரின் மேசையில் இருந்தது. மாலைக்குள் ஒன்று இங்கேயே வைத்துக்கொள்ளக் கையெழுத்து, இல்லையென்றால் வேறு பள்ளிக்கு அனுப்பக் கையெழுத்து.

பதினொன்று இருபத்தெட்டு இருக்கும். கதவு திறந்தது. பெரிய டீச்சர். கண்ணாடி இல்லை, கண் சிவந்திருந்தது. பின்னாலேயே இரண்டாம் வகுப்பு டீச்சர், கையில் தண்ணீர் டம்ளரோடு.

"போயிட்டாம்மா. பேரனைத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இப்பத்தான் ஃபோன் வந்தது. பையன் என்கிட்ட கேக்கறான், 'நீ என்ன சொன்னே அவளை'ன்னு."

"நான் வேணாம்னுதான் சொன்னேன். நிக்கவே மாட்டேங்கறாங்க," என்றார் டீச்சர்.

இத்தனை நாள் வந்ததெல்லாம் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எழுந்துவிட்டேன். பாதி எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்து, "கண்ணு, நீ கொஞ்சம்…" என்று வாயைத் திறந்தேன்.

"நாலு மணிக்கு."

யார் பேசியது என்று முதலில் விளங்கவில்லை. கரகரப்பான, கனத்த குரல். ஏழு வயதுக்குச் சேராத குரல்.

"என்னது?" என்றார் பெரிய டீச்சர்.

பிள்ளை பட்டனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு மணிக்கு மேல."

"யாரு சொன்னா?"

அவர் கேட்டது சண்டைக்கு இல்லை. கண்ணாடி இல்லாமல், அழுதுகொண்டு, வாயில் வந்ததைக் கேட்டார். பிள்ளை பெருமூச்சு விட்டாள். எத்தனை தடவைதான் இவர்களுக்குச் சொல்வது என்கிற பெருமூச்சு. எழுந்து கதவுக்குப் போனாள். அட்டையின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

"இது பிள்ளைகள் நேரம். பெரியவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல்."

நிறுத்தி, தெளிவாக, ஓர் எழுத்து விழாமல் வாசித்தாள். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு ஓட்டைக் குவியலை இழுத்துக்கொண்டாள்.

டம்ளர் தண்ணீர் டீச்சரின் கையில் தளும்பியது. அவர்தான் முதலில் பேசினார். ரகசியம் பேசுகிற மாதிரி.

"வாசிச்சிடுச்சு."

"எதை?" என்றார் பெரிய டீச்சர்.

"ஏதேனும் ஒரு பகுதி. ரெண்டு பேர் கேட்டோம். நான் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க."

"பாடத்துல இருந்து இல்லையே."

"பாடம்னு எங்க போட்டிருக்கு? படிவம் உங்க மேசையிலதானே இருக்கு, வாங்க பாப்போம்."

"இப்பவா? என் குடும்பம் ரெண்டா கிடக்குது…"

"கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் பெரிய டீச்சர்? போட்டுட்டு நம்ம ரெண்டு பேரும் உக்காந்து அழலாம். எனக்கும் இருக்கு."

தோளில் கை போட்டு அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார். நான் கதவைச் சாத்தினேன். எனக்கு அவளிடம் ஆயிரம் கேட்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு ஓட்டைக் குவியலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மீதி நேரம் முழுக்கப் பட்டன்தான் பிரித்தோம்.

நாலு மணிக்கு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கேட்டருகே நிறுத்தி, படிவத்தைக் காட்டினேன். பெரிய டீச்சரின் கையெழுத்து விழுந்த இடத்தில், பேனா அழுத்தத்தில் காகிதம் கிழிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் படிவத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். கண் நிறைந்தது. அதைத் துடைத்த கையாலேயே பிள்ளையின் காதைப் பிடித்தாள்.

"அழுதுட்டு வந்த பெரியவங்களை, வெளியில போன்னா சொன்னே?"

"சொல்லல."

"டீச்சர் சொல்றாங்களே."

"நான் போர்டைத்தானே படிச்சேன்." குரல் உயர்ந்தது. கேட்டில் நின்ற பிள்ளைகள் திரும்பின. வாட்ச்மேன் திரும்பினார். "வந்து வந்து உக்காந்துக்கறாங்க. எப்பப் பாரு. எனக்கு இருபது நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, அதுலயும் வந்துடறாங்க. எழுதிப் போட்டாலும் படிக்க மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்றது?"

"வாய் வாய். மெதுவாப் பேசு. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். காதை விடு."

அம்மா காதை விட்டாள். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். பிள்ளை கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டே போனாள். எனக்குப் பின்னால் நடைபாதையில் என் அறை வாசலில் பெரிய டீச்சர் வந்து நின்றிருந்தார். நான் போய், அவர் உட்காருவதற்கு உடைந்த பெஞ்சுகளோடு கிடந்த பெரிய நாற்காலி ஒன்றை எடுத்து வந்தேன்.